அம்பது பாய்

"நடு எது டீச்சர்?"

அந்த மனுஷர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை இதுதான். ஒரு வணக்கம் கிடையாது, தான் இன்னார் என்று சொல்லிக்கொள்ளவும் இல்லை. பள்ளிக்கூட மைதானத்து வேலியோரம் பத்து நிமிஷமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒரு பிள்ளையைப் பிடித்து, "நின்ன எடத்துலேருந்து ஒண்ணரை மீட்டர்தான் தாண்டுவியாடி, வெக்கமா இல்ல?" என்று கத்தினேன் பாருங்கள், அப்போது உள்ளே வந்து இப்படிக் கேட்டார்.

எனக்குச் சுருக்கென்று வந்தது. "என்னங்க நடு? யாருங்க நீங்க?"

"இல்லங்க, மத்த புள்ளைக எவ்வளவு தாண்டுதுக? அதுல நடு எதுன்னு தெரிஞ்சாத்தான இந்தப் புள்ளையத் திட்டலாமா வேணாமான்னு சொல்ல முடியும்?"

அப்போதே எனக்குப் பிள்ளைகளைத் திட்டியதில் இருபது வருஷ சர்வீஸ். திட்டுவதற்கு முன்னால் கணக்குப் போட வேண்டும் என்று சொன்ன முதல் ஆள் அவர்தான். விசிலை ஊதினேன். பிள்ளைகள் எதற்கு ஊதினேன் என்று தெரியாமல் ஓட ஆரம்பித்தார்கள்.

நான் திருமயம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். பெண்கள் கபடி என் பொறுப்பு. எனக்கு வாய் கொஞ்சம் அதிகம், கோபம் அதைவிட அதிகம். கணக்கு என்றால் பத்தாம் வகுப்போடு கும்பிடு போட்டுவிட்டு வந்தவள். இப்படிப்பட்டவளிடம் வந்து மாட்டினார் அவர்.

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் போன் போட்டு, "அந்தப் பேருல நம்ம மாவட்டத்துல எத்தனை பேரு இருக்காங்க டீச்சர்? அதுல நான் யாருன்னு எப்படித் தெரியும்?" என்று ஆரம்பித்துவிடுவார். எங்களுக்கு அவர் அம்பது பாய். பிள்ளைகள் வைத்த பெயர். அவருக்கும் அது தெரியும், கோபித்துக்கொண்டதில்லை.

சொந்த ஊர் கடலோரத்துக் கட்டுமாவடி. வீட்டம்மா இந்தப் பக்கத்துக்காரர் என்பதால் கத்தாரிலிருந்து திரும்பியதும் இங்கே வீடு பிடித்துவிட்டார். அங்கே பதினேழு வருஷம் ஒரு விளையாட்டு கிளப்பில் வேலை. போனது டிரைவராக. விளையாட்டுக்காரர்களை வண்டியில் கொண்டுபோய் இறக்கிவிட்டு, அவர்களைச் சோதிக்கிற அறை வாசலில் சும்மா நின்றிருக்கிறார். சும்மா நிற்கிறாயே, இந்த அடையாளக் கூம்பை எடுத்து வை என்றார்களாம். அப்புறம் கடிகாரத்தைக் கையில் கொடுத்தார்கள். அப்புறம் லேப்டாப்பைக் கொடுத்தார்கள். கடைசியில் வண்டி ஓட்ட வேறு ஆள் பார்த்துக்கொண்டார்கள்.

வரும்போது ஒரு ரெக்ஸின் பையில் பழைய லேப்டாப்பும், அந்தக் கிளப் தூக்கிப் போடவிருந்த ஓட்டக் கடிகாரம் ஒன்றும் கொண்டுவந்தார். ரெண்டு மூணுகால் ஸ்டாண்டு, மேலே ஆளுக்கொரு கண்ணாடிக் கண். முதல் ஸ்டாண்டைத் தாண்டினால் நேரம் ஓடும், ரெண்டாவதைத் தாண்டினால் நிற்கும். "வீட்டுல சும்மாதான் கெடக்கு. நானும் சும்மாதான் கெடக்கேன்" என்றார். அதிலிருந்து வாரத்துக்கு மூன்று நாள் வந்தார். ஒரு டீயைத் தவிர எங்களிடம் எதுவும் வாங்கிக்கொண்டதில்லை. அதையும் பாதிதான் குடிப்பார்.

அவரிடம் ஒரு எண்ணைத் தனியாகச் சொல்லிவிட்டுத் தப்பிக்க முடியாது. டீக்கடையில் யாராவது, "இன்னைக்கு வெயில் நூத்தி மூணாம்ல" என்றால், "வழக்கமா இந்த மாசம் எவ்வளவு இருக்கும்?" என்பார். என் மகன் கணக்கில் எண்பது வாங்கினான் என்று பெருமையாகச் சொன்னேன். "வகுப்புல நடு எது?" என்றார். அன்றைக்கு வீட்டுக்குப் போய் விசாரித்தால் நடு எண்பத்தைந்து. அந்த மனுஷரை நான் ஒரு வாரம் சபித்தேன்.

"ஓட்டம் செகண்டுல வருது, தாண்டுறது மீட்டருல வருது, இழுக்குற பலம் கிலோவுல வருது" என்று ஒருநாள் எனக்கு விளக்கினார். "இதையெல்லாம் கூட்ட முடியுமா டீச்சர்? கத்திரிக்காயையும் கருவாட்டையும் சேத்து எண்ணுன மாதிரில்ல ஆயிரும்? அதனால ஒவ்வொண்ணுலயும் நடு எதுன்னு பாத்து அதை அம்பதுன்னு வச்சுருவோம். புள்ளைக நடுவுலேருந்து எவ்வளவு செதறி நிக்குதுகன்னு பாத்து, அதுல ஒரு பங்கைப் பத்துன்னு வச்சுருவோம். அப்ப அறுபதுன்னா நடுவுக்கு ஒரு பங்கு முன்னால. நாப்பதுன்னா ஒரு பங்கு பின்னால. எல்லாம் ஒரே தராசுக்கு வந்துருச்சுல்ல?"

அதற்கு இங்கிலீஷில் ஏதோ பெயர் சொன்னார். எனக்கு நிற்கவில்லை. அம்பது மட்டும் நின்றது. ஒவ்வொரு வாரமும் அம்பது அம்பது என்று அவர் பேசுவதைக் கேட்டுத்தான் பிள்ளைகள் அந்தப் பெயரை வைத்தார்கள்.

முதல் தாளை அச்செடுத்துக் கொடுத்தார். நான் அதை அப்படியே பெற்றோர் கூட்டத்தில் ஆளுக்கொன்று கொடுத்துவிட்டேன். கொடுப்பதற்கு முன்னால், கை சும்மா இருக்குமா, சிவப்புப் பேனாவை எடுத்து முப்பத்தைந்துக்குக் கீழே இருந்ததையெல்லாம் வட்டம் போட்டேன். முப்பத்தைந்துக்குக் கீழே என்றால் வட்டம் போட வேண்டும். பள்ளிக்கூடத்துக்காரிக்கு அதற்கு மேல் யோசனை எதற்கு?

கூட்டத்தில் ஒரே ரகளை. ஒரு அப்பா, "கணக்குல தொண்ணூறு எடுக்குற புள்ளை கபடியில வெறும் அறுபத்தி நாலா? அப்ப எதுக்குங்க கபடி?" என்று எழுந்தார். எல்லாச் சோதனையும் சேர்த்த சராசரியில் அறுபத்து நாலு என்பது அந்த அணியிலேயே பெரிய எண் என்று அவருக்கு யார் சொல்வது, எனக்கே தெரியாதே. கனிமொழி என்று ஒரு பிள்ளை. நல்ல கட்டான உடம்பு, எதிராளியின் காலைப் பிடித்தால் விடமாட்டாள், ஆனால் ஓட்டம் வராது. ஓட்டத்தில் அவளுக்கு முப்பத்திரண்டு. அவள் அம்மா அந்தச் சிவப்பு வட்டத்தைப் பார்த்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டார். "எம்மக ஃபெயிலாங்க மிஸ்?"

பாயின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! தாளை வாங்கினார், வட்டத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "டீச்சர், நம்ம ஊருல முப்பத்தஞ்சுன்னு ஒரு கோடு இருக்குங்கறதையே நான் மறந்துட்டேன் டீச்சர். பதினேழு வருஷம் வெளிய இருந்துட்டேன்ல. வட்டம் போட்டது நீங்க, அந்தம்மாவ அழ வச்சது நான்."

மறுநாள் தாளும் இல்லை, லேப்டாப்பும் இல்லை. சட்டைப்பையிலிருந்து சாக்பீஸை எடுத்தார். அந்தப் பையில் எப்போதும் ஒரு சாக்பீஸ் இருக்கும், வெள்ளைச் சட்டையில் அந்த இடம் மட்டும் இன்னும் வெள்ளையாக இருக்கும். நேராகக் கபடித் தளத்து நடுக்கோட்டில் போய் நின்றார். கனிமொழியின் அம்மாவையும் வரச் சொல்லியிருந்தார்.

"இதான் நடு. நம்ம ஆட்டத்துலயே இருக்குல்ல நடுக்கோடு? இன்னமே அம்பதும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. ஒரு பங்குக்கு ஒரு எட்டு. நடுவுக்கு முன்னால எத்தனை எட்டு, பின்னால எத்தனை எட்டு, அவ்வளவுதான்."

ஒரு வாண்டு கையைத் தூக்கியது. "எட்டுன்னா எட்டு மார்க்கா பாய்?"

"அந்த எட்டு இல்ல ஆத்தா, காலெட்டு."

ஓட்டம் என்றார். ஒவ்வொரு பிள்ளையும் தன் எட்டுக்குப் போய் நின்றது. கனிமொழி ரெண்டு எட்டுக்குக் கொஞ்சம் குறைவாகப் பின்னால் போய்த் தலையைக் குனிந்துகொண்டாள். அடுத்து இழுக்கிற பலம் என்றார். பிள்ளைகள் இடம் மாறின. இப்போது கனிமொழி ரெண்டு எட்டு முன்னால் நின்றாள், அவளுக்கு முன்னால் ஆளே இல்லை. அவள் அம்மா ஓரத்திலிருந்து, "அட, அது எம்மகதானா!" என்று சத்தம் போட்டுச் சிரித்தார். அதே தாள், அதே எண்கள்தான். எனக்குத்தான் அசிங்கமாக இருந்தது. நல்லவேளை, சிவப்புப் பேனாவைப் பற்றி பாய் அப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை.

அதிலிருந்து எங்கள் வீட்டில்கூட எல்லாமே எட்டுக் கணக்குதான். ஒருநாள் சாப்பிட வந்தார். கட்டுமாவடிக்காரருக்கு நான் மீன் குழம்பு வைத்தேன், என் தைரியத்தைப் பாருங்கள். "எப்படி இருக்கு பாய்?" என்றேன்.

"எந்தக் கூட்டத்துல வச்சுச் சொல்றது டீச்சர்?"

என் வீட்டுக்காரருக்குப் புரையேறிவிட்டது. அவர் இந்த ரூட்டில் பஸ் கண்டக்டர், கேலி அவருக்குச் சர்க்கரை மாதிரி. "மச்சான், நல்லா மாட்டுனீங்க" என்றார்.

"இல்லங்க, கட்டுமாவடியில வைக்கிற கொழம்போட வச்சுச் சொல்லணுமா, இங்கிட்டு வைக்கிற கொழம்போட வச்சுச் சொல்லணுமா?"

"இங்கிட்டே வச்சுச் சொல்லுங்க" என்றேன்.

"அப்ப ரெண்டு எட்டு முன்னால நிக்குது."

கட்டுமாவடியில் எங்கே நிற்கும் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. ஆனால் ரெண்டாம் தடவை ஊற்றிக்கொண்டார்.

சிரிப்பாகவே போய்க்கொண்டிருந்த இந்தக் கதையில் என்னைக் கதிகலங்க வைத்தது சங்கவி விஷயம்தான்.

சங்கவி இலுப்பூர்ப் பக்கத்துப் பிள்ளை. பக்கத்து ஊரில் அக்கா வீட்டில் தங்கி, பஸ்சில் வந்து படித்தாள். ரெய்டுக்குப் போனால் அவள் தொட்டதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள், திரும்பி நடுக்கோட்டைத் தாண்டிய பிறகுதான் தொட்டிருக்கிறாள் என்றே தெரியும். அவளுக்கு ஒரே ஆசை, விளையாட்டு விடுதியில் சேர வேண்டும். அங்கே நல்ல சாப்பாடு, நல்ல தளம், படிப்பும் உண்டு. அந்த வருஷம்தான் கடைசி, அடுத்த வருஷம் வயசு தாண்டிவிடும். அந்த விடுதித் தேர்வுக்கு எங்கள் பள்ளியிலிருந்து பன்னிரண்டு பேரை அனுப்பலாம். அந்த வருஷம் படிவம் புதுசு. நாலு சோதனை, ஒவ்வொன்றிலும் மதிப்பெண், மொத்தம், மேலிருந்து பன்னிரண்டு பெயர்.

இருபத்திரண்டு பிள்ளைகளுக்கும் பாய்தான் சோதனை வைத்தார், நோட்டில் எழுதினார். எழுதிய கையோடு தங்கச்சி மகன் நிக்காஹ் என்று கட்டுமாவடிக்குக் கிளம்பிவிட்டார். போகும்போது லேப்டாப்பையும் நோட்டையும் என்னிடம் கொடுத்து, "அவசரம்னா எண்ண மட்டும் தட்டி வைங்க டீச்சர். ஓட்டத்துக்கு மட்டும் ஒரு வேலை இருக்கு, அதை நான் வந்து பாத்துக்குறேன்" என்றார்.

"எனக்குத் தெரியாதா பாய்? நீங்க போய்ட்டு வாங்க" என்றேன். தெரியாது. ஆனால் தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லை.

அவர் வருவதற்கு முந்தின நாள் காலையில் தேர்வு அலுவலகத்திலிருந்து போன். பட்டியல் அன்றைக்கே, சாயங்காலம் ஐந்து மணிக்குள் வேண்டும். ஆசிரியர் அறையில் உட்கார்ந்து அவசர அவசரமாகத் தட்டினேன். தட்டினேனே தவிர, தட்டியதைப் படிக்கவில்லை. லேப்டாப் தானே மதிப்பெண் போட்டது, தானே வரிசைப்படுத்தியது. முழுப் பட்டியலை அச்செடுத்து ஒரு நகல் வைத்துக்கொண்டு, மேலிருந்து பன்னிரண்டு பெயரைப் படிவத்தில் எழுதினேன். சங்கவி பதினாறாவது. நேர் ஓட்டத்தில் முப்பத்தொன்று. திரும்பி ஓடும் ஓட்டத்திலும் அதே கதி.

இதைச் சொல்லத்தான் எனக்கு இப்போதும் கூச்சமாக இருக்கிறது. அந்த முப்பத்தொன்றைப் பார்த்தபோது எனக்குச் சந்தேகம் வரவில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷம் கூட வந்தது. ஏனென்றால் அதற்கு முந்தின வாரம் அந்தப் பிள்ளை மூன்று நாள் லேட்டாக வந்தது. நான் கத்தியதும், "பஸ்சு வரலேன்னா நான் என்ன மிஸ் பண்றது?" என்று திருப்பிக் கேட்டது. திமிர் பிடித்த கழுதை, சோதனை அன்றைக்கும் ஏனோதானோ என்று ஓடியிருக்கிறாள், நல்லா வேணும் என்று நினைத்துக்கொண்டேன். முப்பத்தைந்துக்குக் கீழே இருந்ததால் கை தானாகச் சிவப்புப் பேனாவைத் தேடியது.

கவரை ஒட்டி வீட்டுக்காரரின் பத்து மணி டிரிப்பில் புதுக்கோட்டைக்குக் கொடுத்தனுப்பினேன். இடைவேளையில் சங்கவியைக் கூப்பிட்டேன். "ஓட்டத்துல முப்பத்தொண்ணு. ஃபெயில். லிஸ்டுல ஒம்பேரு இல்ல."

சண்டை போடுவாள் என்று நினைத்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, குனிந்து தன் காலைப் பார்த்தாள். "சரிங்க மிஸ்" என்றாள். கபடிக்கென்று பள்ளிக்கூடம் கொடுத்திருந்த ஷூவைக் கழற்றி, ரெண்டையும் ஜோடியாக விளையாட்டு அறை வாசலில் வைத்துவிட்டு வெறுங்காலோடு வகுப்புக்குப் போனாள்.

மத்தியானம் பாய் போன் செய்தார். பின்னால் ஒரே கல்யாணச் சத்தம். "எலை போட்டுட்டாங்க டீச்சர், இருந்தாலும் ஒரு வார்த்தை கேட்டுட்டு ஒக்காருவோம்னு. எண்ணத் தட்டிட்டீங்களா?"

"தட்டுறதென்ன, லிஸ்டே போயிருச்சு பாய்."

"இருக்கட்டும். ஓட்டத்துல மொதல்ல யாரு நிக்கிறா?" எந்தத் தாளாக இருந்தாலும் அவர் இதைக் கேட்காமல் விடமாட்டார். முதலில் யார், கடைசியில் யார், கண்ணால் பார்த்ததும் அதுதானா?

"கனிமொழி" என்றேன்.

எழுந்து ஓரமாக வந்தார் போல, கல்யாணச் சத்தம் குறைந்தது.

"யாரு?"

"கனிமொழி, பாய்."

"கடைசில?"

"சங்கவி. முப்பத்தொண்ணு."

அவர் குரலை உயர்த்தி நான் கேட்டது அந்த ஒரே தடவைதான். "டீச்சர்! கனிமொழி ஓடியாந்தா கையில இருக்குற டீ ஆறிரும் டீச்சர்! நீங்க கண்ணால பாத்ததில்லையா? ஓட்டத்துல கம்மிதான ஒசத்தி? கம்மி செகண்டுல வந்தவதான முன்னால நிக்கணும்? அதைத் திருப்பணும்னுதான சொன்னேன், ஒரு வேலை இருக்குன்னு!"

நகலை எடுத்துப் பார்த்தேன். வேகமாக ஓடிய பிள்ளைகளுக்கெல்லாம் அடி மதிப்பெண், மெதுவாக ஓடியவர்களுக்கெல்லாம் மேல் மதிப்பெண். அதை நம்பி அந்தப் பிள்ளையைப் பார்த்து ஃபெயில் என்றேனே, படுபாவி! "பாய், லேப்டாப்புல சார்ஜ் இல்ல, இன்னைக்கு ஊரெல்லாம் கரண்டு கட்டு, மாசாந்தரப் பராமரிப்பாம்..." எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவர் குரல் உடனே இறங்கிவிட்டது. "லேப்டாப்ப விடுங்க. நகல் எடுத்து வச்சிருக்கீங்கள்ல? பேனா இருக்குல்ல? நூறுல கழிங்க. நடு அம்பதா இருக்குறதால திருப்புறது சுலபம். முப்பத்தொண்ணு நூறுல போனா எவ்வளவு?"

"அறுபத்தொம்பது."

"அதான் சங்கவி. ரெண்டு ஓட்டத்துக்கும் எல்லாருக்கும் கழிச்சு, மறுபடி மொத்தம் போடுங்க. கெளம்புங்க டீச்சர்."

வீட்டுக்காரர் வண்டி திரும்பி வந்து மறுபடி புதுக்கோட்டைக்குக் கிளம்பும் நேரம். ஏறி உட்கார்ந்து மடியில் நகலை விரித்தேன். இருபத்திரண்டு பிள்ளைகள், ஆளுக்கு ரெண்டு ஓட்டம், நாற்பத்து நாலு கழித்தல். பத்தாம் வகுப்பில் நான் கும்பிடு போட்ட கணக்கெல்லாம் அந்த பஸ்சில் என்னைப் பழிவாங்கியது. வண்டி ஆடும் ஆட்டத்தில் ஏழு ஒன்றாகத் தெரிகிறது. பக்கத்து சீட்டுப் பெண் எட்டிப் பார்த்து, "பரீட்சைப் பேப்பருங்களா டீச்சர்? ஒண்ணு ரெண்டு கூடப் போட்டு விடுங்க, பாவம்" என்றார். வீட்டுக்காரர் டிக்கெட் கொடுத்துக்கொண்டே வந்து வந்து கூட்டலைச் சரிபார்த்தார். "இம்புட்டுக் கணக்குத் தெரிஞ்சவள இத்தனை வருஷம் சும்மா விட்டுட்டேனே" என்றார். இன்னொரு நாளாக இருந்தால் வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார்.

நமணசமுத்திரம் தாண்டும்போது மொத்தம் முடிந்தது. சங்கவி ரெண்டாவது. முதலிலும் இல்லை, பதினாறிலும் இல்லை, ரெண்டாவது. இன்னும் ரெண்டு பிள்ளைகள் கீழிருந்து மேலே வந்தார்கள், மூன்று பேர் இறங்கினார்கள். கனிமொழி இறங்கியும் பத்தாவதாகப் பிழைத்துக்கொண்டாள், இழுக்கிற பலம் அவளைக் காப்பாற்றியது. படிவத்தில் புதிதாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கவர் போய்ச் சேர்ந்து நாலு மணி நேரமாகியிருந்தது. அங்கே கரண்டு இருந்து டைப் அடித்து மேலே அனுப்பியிருந்தால் என்ன செய்வேன்? பஸ் ஸ்டாண்டிலிருந்து அலுவலகம் வரை ஓடினேன். என் ஓட்டத்துக்கு என்ன எண் வந்திருக்கும் என்று தெரியவில்லை, ஆனால் அன்றைக்கு நடுவுக்கு முன்னால்தான் நின்றிருப்பேன்.

உள்ளே இருட்டு. ஃபேன் ஓடவில்லை. ஒரு அம்மா வேர்வை வழிய உட்கார்ந்து ஒரு கவரால் விசிறிக்கொண்டிருந்தார். கவரில் என் கையெழுத்து. பிரிக்கவே இல்லை.

"மேடம், அந்தக் கவரு..."

"கரண்டு வந்தாத்தான் டைப் அடிக்கணும். வந்து நாலு மணி நேரமா வீசிக்கிட்டுத்தான் இருக்கேன், நல்ல கெட்டிக் கவரு" என்றார் அவர்.

எனக்கு அந்தம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. பட்டியலில் ஒரு தப்பு, மாற்ற வேண்டும் என்றேன். அதிகாரியைக் கேட்டுவிட்டு வந்து, மாற்றிக்கொள்ளலாம் என்றார். "மாத்திக்கங்க. ஆனா வீசுறதுக்கு எதாச்சும் குடுத்துட்டு மாத்திக்கங்க." கவரைப் பிரித்துப் பழைய பட்டியலை எடுத்து நாலாக மடித்து அவர் கையில் கொடுத்தேன். அதை வாங்கி விசிற ஆரம்பித்தார். அந்தத் தாள் அதற்குத்தான் லாயக்கு. அப்பாடா என்று சுவரோரம் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். பாய்க்குப் போன் போட்டுச் சொன்னேன். "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். அதற்கப்புறம்தான் சாப்பிட உட்கார்ந்தாராம், எலையெல்லாம் எடுத்தாகிவிட்டதாம்.

அங்கிருந்து நேராகச் சங்கவியின் அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் வாசலில் குடம் கழுவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"தப்பு என்னுதுடி. ஓட்டத்துல கம்மிதான் ஒசத்தின்னு திருப்பாம விட்டுட்டேன். நீ முப்பத்தொண்ணு இல்ல, அறுபத்தொம்பது. லிஸ்டுல ரெண்டாவது ஒம்பேரு."

குதிப்பாள் என்று பார்த்தேன். அவள் குடத்தைக் கீழே வைத்தாள். "அப்ப நான் அன்னைக்கு நல்லாத்தான ஓடுனேன் மிஸ்?" என்றாள்.

என் மனசு அறுந்தது. காலையிலிருந்து அந்தப் பிள்ளை லிஸ்டை நினைத்து அழவில்லை. தன் காலையே நம்ப முடியாமல் போயிருக்கிறது. ஓடியது அவள், அவளுக்குத் தெரியாதா? ஆனால் நான் ஒரு எண்ணைச் சொன்னதும் தன் காலை விட்டுவிட்டு அந்த எண்ணை நம்பியிருக்கிறது. "நல்லா ஓடுனடி, ஆத்தா. எல்லாரையும் விட நல்லா ஓடுன" என்றேன். மன்னிச்சுக்கடி என்றும் சொன்னேன். இருபது வருஷத்தில் எந்தப் பிள்ளையிடமும் அதைச் சொன்னதில்லை. அப்போதுதான் அவள் சிரித்தாள். "ஷூவ எடுத்துக்கலாமா மிஸ்?" என்றாள்.

பாய் மறுநாள் ஒரு டப்பா நிறைய கல்யாணத்து அல்வாவோடு வந்தார். நான் அவர் முகத்தையே பார்க்கவில்லை. "என்னைய நாலு வார்த்தை திட்டிருங்க பாய். ஒங்க எடத்துல நான் இருந்தா என்னையத் திட்டித் தீத்துருப்பேன்."

அவர் டீயைப் பாதி குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். "எத்தனை தப்பு பண்ணுனீங்க டீச்சர்?"

"ஒண்ணு. ஆனா பெருசு."

"எத்தனை வருஷத்துல?"

"இருபது சொச்சம்."

"எத்தனை புள்ளைக ஒங்க கையில வெளையாடிருக்கும்?"

 யார் எண்ணினார்கள்?

"அதையும் சேத்து வச்சுப் பாக்காம ஒத்தை எண்ண வச்சு எப்படித் திட்டுறது?" என்றவர் அல்வா டப்பாவை என் பக்கம் தள்ளினார். "இருக்கட்டும். சாப்புடுங்க."

நான் அழுதுகொண்டே அல்வா சாப்பிட்டேன். பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள், பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். சிவப்புப் பேனாவை அன்றைக்கே ஆபீஸில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன்.

சங்கவிக்கு விடுதியில் இடம் கிடைத்தது. பாயைப் பழைய கிளப்பிலிருந்து மறுபடி கூப்பிட்டார்கள், போய்விட்டார். பெருநாளைக்குப் பெருநாள் போன் வரும். ஓட்டக் கடிகாரத்தை இங்கேயே விட்டுவிட்டுப் போனார். சட்டைப்பையில் கிடந்த சாக்பீஸையும் என் மேஜையில் வைத்துவிட்டுத்தான் போனார்.

போன மாதம் விடுதியிலிருந்து சங்கவி போன் செய்தாள். பேச்சே வரவில்லை, ஒரே விசும்பல். "மிஸ், இங்கயும் அதே அம்பது கணக்குல டெஸ்டு வச்சாங்க. நாப்பத்தி ரெண்டு மிஸ். ஓட்டத்துல. எனக்கு. நாப்பத்தி ரெண்டு."

படிச்சுப் படிச்சுச் சொன்னேனேடி என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கினேன்.

"எந்தக் கூட்டத்துலடி?"

"என்ன மிஸ்?"

"யார் யாரு ஓடுனா? யாரோட வச்சு நாப்பத்தி ரெண்டு?"

விசும்பல் குறைந்தது. யோசித்து யோசித்துச் சொன்னாள். பல மாவட்டத்திலிருந்து வந்தவர்களாம். மாநில அணியில் ஆடியவர்கள் எத்தனையோ பேராம். நாலைந்து வருஷமாக அங்கேயே இருக்கும் அக்காமார்களாம். சொல்லச் சொல்ல அவள் குரல் தெளிந்துகொண்டே வந்தது.

"நீங்க பாய் மாதிரியே கேக்குறீங்க மிஸ்" என்றாள். மூக்கை உறிஞ்சும் சத்தத்துக்குள்ளே சிரிப்பும் கேட்டது.

"அதை விடு. அத்தனை பேரு நடுவுல நின்னு பாரு. நடுக்கோட்டுக்கு இன்னும் எத்தனை எட்டுடி?"

கணக்குப் போட்டாள். எனக்குக் கேட்டது, வாய்க்குள்ளேயே அம்பதிலிருந்து கழித்தாள்.

"ஒரு எட்டுக்கும் கம்மிதான் மிஸ்."

"அப்பறம் என்ன? போய் எடுத்து வை" என்றேன்.